அவசரமில்லீங்க

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. திருப்பூர் நல்லூரில் பஸ் நின்றுபோன ஒரு மத்தியானம், அதுவாகவே என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது.

சந்திலிருந்து பனியன் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று மூக்கை நீட்டியது. எதிரே ஒரு பால் வண்டி. இரண்டு டிரைவர்களும் கையை நீட்டி நீட்டி, "நீங்க போங்க", "அட, நீங்க போங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். விளைவு, ஒருவரும் போகவில்லை. பின்னால் எங்கள் பஸ்ஸும் போகவில்லை. நான் வெளியூர்க்காரன், வாய்க்குள் திட்டினேன். பக்கத்திலிருந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"இதுக்கே இப்படி அலுத்துக்கறீங்களே, நாங்க ஆத்துல படகு எறக்க நின்ன கூத்தப் பாத்திருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் பெயர் பழனாயி. ஒரு தையல் கம்பெனியில் ஆரம்ப நாளிலிருந்து வேலை பார்ப்பவர். பஸ் கிளம்புகிறவரை சொன்னார், கிளம்பிய பிறகும் சொன்னார்.

(திருப்பூர்ப் பக்கம் படகா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். "ஆறுன்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார் பழனாயி, கொஞ்சம் கோபமாகவே.)

2

கதையைத் தொடங்குவதற்கு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: "வானம் கறுத்தது. நொய்யல் அன்னை ஆர்ப்பரித்து, கரைகளைத் தழுவி..." இதை எழுதிய பேனாவைத்தான் ஆற்றில் போட வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: "தெய்வாத்தாள் கணவனை இழந்தவள். அவள் தைத்த ஒவ்வொரு தையலிலும் கண்ணீர்..." இதுவும் ஆகாது. அவள் கணவர் தங்கவேலு உயிரோடுதான் இருக்கிறார். நல்ல மனிதர், கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கதை நடந்த அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார், அவ்வளவுதான். வாசகருக்கு இரக்கம் வரட்டும் என்று ஒரு நல்ல மனிதரைக் கொன்றிருக்கிறேன். எழுந்து உட்காருங்கள் தங்கவேலு, கசாயம் ஆறுகிறது.

மூன்றாவது தொடக்கம் ஆற்றங்கரைச் சரிவைப் பற்றி. அதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

3

தொண்ணூற்றிரண்டு ஐப்பசி. நல்ல மழை. காரைப்பாளையத்துக்கும் அக்கரைக்கும் நடுவே இருந்த தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. (காரைப்பாளையத்தை மேப்பில் தேடாதீர்கள், பெயர் நான் வைத்தது.) சுற்றிப் போகிற ரோட்டையும் ஓடை அறுத்துவிட்டது. அக்கரைக்குப் போக ஒரே வழி பரிசல். பரிசலைத் தண்ணீரில் இறக்க ஒரே இடம், பாலத்துக்கு இறங்குகிற தார் ரோட்டின் சரிவு. மற்ற இடமெல்லாம் பாறை, வேலிமுள்.

நியாயமாகப் பார்த்தால், மேலே வேப்பமரத்தடியிலேயே எல்லாவற்றையும் தயார் செய்துகொள்ள வேண்டும். துடுப்பு இருக்கிறதா, ஓட்டையில் தார் பூசியாயிற்றா, யார் யார் ஏறுகிறார்கள், எல்லாம் அங்கேயே முடிய வேண்டும். சரிவுக்கு வந்தால் இறக்க வேண்டும், போக வேண்டும். ஆனால் சரிவுக்கு வந்த பிறகுதான் ஒருவர் துடுப்பைத் தேடுவார். ஒருவர் அங்கேயே அடுப்பு மூட்டித் தார் காய்ச்சுவார். பின்னால் நிற்கிறவர்களுக்கு வயிறு எரியும். வாய் மட்டும் "அவசரமில்லீங்க" என்று சொல்லும்.*

(* வெளியூர் வாசகருக்கு: இந்தச் சொல்லுக்கு, "அவசரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லுமளவுக்கு நான் மரியாதை கெட்டவன் இல்லை" என்று பொருள்.)

தெய்வாத்தாள் ஆறு மிஷின் போட்ட சின்ன கம்பெனி வைத்திருந்தாள். அதுவரை அவள் தைத்ததெல்லாம் அடுத்தவர் துணி, கழுத்தில் அடுத்தவர் லேபிள். முதல்முறையாக அவள் பெயருக்கே ஒரு ஆர்டர் வந்திருந்தது. ஜெர்மனிக்குப் போகும் குழந்தைகள் பனியன். அட்டைப்பெட்டிகளின் மேல் நீல மையில் "தெய்வா நிட்ஸ்" என்று அச்சடித்திருந்தது. பெட்டிகளைக் கட்டி முடித்த நாள்தான் பாலம் முழுகியது. மழை விட்டு ஆறு கொஞ்சம் தணிந்து, பரிசல் விடத் தொடங்கியபோது கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. அன்றைக்கு நாலு மணிக்கு அக்கரையிலிருந்து தூத்துக்குடிக்கு லாரி. அதை விட்டால் கப்பல் இல்லை. ஏஜெண்ட் போனில் நயமாகத்தான் சொல்லியிருந்தார்: "இந்தத் தடவை முடியலீன்னா அப்புறம் பாத்துக்கலாங்க." அந்த ஊரில் அப்புறம் என்றால் எப்போதும் இல்லை என்று தெய்வாத்தாளுக்குத் தெரியும். பழையபடி அடுத்தவர் லேபிள்தான்.

பெட்டிகளைப் பாலிதீன் கவரில் சுற்றி, பழனாயியோடு அவள் சரிவுக்கு வந்தபோது மணி இரண்டரை. பரிசல்காரர் பழனிமுத்து ஷிப்டுக்குப் போகிறவர்களை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆத்தப்பன் பால் கேன்களோடு நின்றிருந்தார். எல்லோருக்கும் முன்னால், சரிவின் குறுக்கே, ஒரு ஜீப். ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர். டிரெய்லர் மேல் பளபளவென்று ஒரு நீல நிற ஃபைபர் படகு.

4

படகு ஈஸ்வரமூர்த்தியுடையது. பெரிய நிட்டிங் கம்பெனி முதலாளி. கொச்சிக்குப் போனபோது ஆசைப்பட்டு வாங்கி வந்தது. தண்ணீர் இல்லாத ஊரில் குடோனுக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஆற்றில் தண்ணீர் வந்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனங்களுக்கும் உதவியாக இருக்குமே என்று கட்டி இழுத்து வந்துவிட்டார்.

இழுத்துக்கொண்டு முன்னே போக யாராலும் முடியும். டிரெய்லரைப் பின்னால் எடுப்பது வேறு வித்தை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகிறது. ஈஸ்வரமூர்த்தி ஒடித்தார், நேராக்கினார், முன்னே போனார், மறுபடி பின்னே வந்தார். மரியாதைக்கு எல்லோரும் யோசனை சொன்னார்கள். "சோத்தாங்கைப் பக்கமுங்ணா" என்றார் ஆத்தப்பன். "இல்லீங்ணா, பீச்சாங்கைப் பக்கமுங்க" என்றார் பழனிமுத்து. இருவர் மனமும் கோணாமல் இரண்டு பக்கமும் ஒடித்தார் ஈஸ்வரமூர்த்தி. ஜீப்பும் டிரெய்லரும் மடங்கி, சக்கரம் சேற்றில் இறங்கி, சரிவை அடைத்துக்கொண்டு நின்றன.

"எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கோணுமுங்க" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"அவசரமில்லீங்ணா, மெதுவா பண்ணுங்க" என்றார்கள் எல்லோரும். தெய்வாத்தாளும் சொன்னாள்.

(இந்த ஈஸ்வரமூர்த்தியை வில்லனாக்கிவிடலாம் என்று எனக்கு ஒரே நமைச்சல். கழுத்தில் தடித்த சங்கிலி, முறுக்கிய மீசை, "நான் யாரு தெரியுமா" என்று ஒரு வசனம். எழுதியும் பார்த்தேன். பழனாயி பஸ்ஸில் சொன்னது நினைவுக்கு வந்தது: "அவருங்களா? தங்கமான மனுசனுங்க." வில்லனே இல்லாமல் ஒரு வழி அடைபட்டுக் கிடக்கிறது. இதை எப்படி எழுதுவது? நல்லவர்கள் மட்டுமே கூடி நின்று இப்படி அடைத்துவிட்டார்கள்.)

மணி மூன்று தாண்டியது. அக்கரையில் லாரி தெரிந்தது. டிரைவர் வேலுமணி தெற்கத்திக்காரர், கரையில் நின்று கத்தினார். "யக்கா! என்ன அங்க கூட்டம் போட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிய? நாலு அடிச்சா நான் கெளம்பிருவேன், பாத்துக்கிடுங்க!"

"ஏனுங்கக்கா" என்று பழனாயி தெய்வாத்தாளின் முழங்கையைத் தொட்டாள். "சொல்லுங்கக்கா."

தெய்வாத்தாள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஈஸ்வரமூர்த்தி திரும்பி, "ஏனம்மிணி, பெட்டியெல்லாம் வெச்சிருக்கறாப்ல இருக்குது, அவசரமுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்ணா" என்றாள்.

சொன்ன கணமே தன் நாக்கைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது அவளுக்கு. அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பழகிய வாய், அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. கம்பெனி முதலாளிகள் முன்னால் நின்று துணி வாங்கிய காலமெல்லாம் அந்த வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. இன்றைக்கு அதே வாய் கவிழ்த்துவிடும். பெட்டிகளைப் பார்த்தாள். பாலிதீனுக்குள் நீல மையில் அவள் பெயர். தூறல் விழுந்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

(இந்த இடத்தில் அவளை ஒரு நீண்ட வசனம் பேச வைக்க ஆசைப்பட்டேன். பெண், உழைப்பு, முதலாளித்துவம் என்று ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். அவள் பேசியது இவ்வளவுதான்.)

"ஏனுங்ணா. நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. எனக்கு அவசரமுங்க. ரொம்ப அவசரமுங்க."

யாரோ செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கினார்.

ஆத்தப்பன் தொண்டையைச் செருமினார். "எனக்கும் அவசரந்தானுங்க. பாலு திரிஞ்சு போயிருமுங்க."

"ஷிப்டுக்காரங்க லேட்டாப் போனா உள்ள உட மாட்டாங்கங்க" என்றார் பழனிமுத்து.

ஈஸ்வரமூர்த்தி ஜீப்பிலிருந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் தெய்வாத்தாள் நினைத்தாள்.

"எனக்கும் இடுப்பு உட்டுப்போச்சுங்க அம்மிணி. எப்பவோ கழட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயிருப்பேன். நீங்கெல்லாம் இத்தன நேரம் ஆசையா நின்னு பாக்கறீங்க, பாதியில போனா உங்கள மதிக்காத மாதிரி ஆயிருமேன்னுதானுங்க..."

யார் முதலில் சிரித்தது என்று பழனாயிக்கு நினைவில்லை. பால் கேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் ஆத்தப்பன் என்பது மட்டும் நிச்சயம்.

5

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை பரபரக்கிறது.

கொக்கியைக் கழற்றினார்கள். ஷிப்டுக்காரர்கள் எல்லோரும் தோள் கொடுத்துப் படகைத் தூக்கினார்கள். "கனக்குதுங்களா?" "இல்லீங்க!" (அந்தப் பொய்யை விட்டுவிடுவோம்.) படகு தண்ணீரைத் தொட்டது. டிரெய்லரை ஒருபுறம் தள்ளினார்கள், ஜீப்பை மேலே ஏற்றினார்கள். இத்தனை நேரம் அடைபட்டுக் கிடந்த சரிவு கழுவிவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

"பெட்டிய எம்பட படகுல ஏத்துங்கம்மிணி. பரிசல்ல மூணு நடை ஆவும். இதுல ஒரே நடை" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "நீங்க முன்னால போங்க."

தெய்வாத்தாளின் வாய், பழகிய அந்த வாய், "வேண்டாங்க, உங்களுக்கெதுக்குங்க சிரமம், நீங்க..." என்று தயாரானது. அவள் பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள்.

"சரிங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேன் என்று தோன்றுகிறது.

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ) நடு ஆற்றில் படகு சாய்ந்து பெட்டிகள் ஒவ்வொன்றாக மிதந்து போகின்றன. "தெய்வா நிட்ஸ்" என்ற எழுத்து நீரில் கரைகிறது. எனக்குத் தெரிந்த ஒரு சிற்றிதழ் ஆசிரியர் இதை உடனே போடுவார். அவருக்கு வேறு கதை அனுப்பிக்கொள்கிறேன்.

ஆ) அக்கரை சேர்ந்தபோது லாரி போயிருக்கிறது. சக்கரத் தடத்தில் மழைநீர். வாழ்க்கை என்பது... இல்லை. எழுத மாட்டேன்.

இ) நடந்தது. துடுப்பைப் பழனிமுத்து பிடித்தார். பின்னால் கயிற்றில் கட்டிய பரிசலில் ஷிப்டுக்காரர்கள், அவர்கள் காலடியில் ஆத்தப்பனின் பால் கேன்கள். படகின் மூக்கில் குந்தி, பெட்டிகளின் மேல் பாலிதீன் பறக்காமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஈஸ்வரமூர்த்தி. பாதி ஆற்றில் லாரி உறுமுவது கேட்டது. வேலுமணி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

தெய்வாத்தாள் எழுந்து நின்றாள். படகு ஆடியது. "உக்காருங்கக்கா!" என்று பழனாயி சேலையைப் பிடித்தாள். அவள் உட்காரவில்லை.

"நில்லுங்க! வந்துட்டோம்! எனக்காவ நில்லுங்க!"

அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது பழனாயிக்கே அன்றுதான் தெரியும். இரண்டு கரையும் திரும்பிப் பார்த்தன. லாரியின் உறுமல் அடங்கியது.

"இப்படில்லா மொதல்லயே கூப்பிட்டிருக்கணும்!" என்றார் வேலுமணி, பின்கதவைத் திறந்துகொண்டே.

ஒரு பெட்டிகூட நனையவில்லை. கடைசிப் பெட்டியை ஈஸ்வரமூர்த்திதான் ஏற்றினார், பெயர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்து. லாரி மேடேறித் திரும்பும்வரை அந்த நீல எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள் தெய்வாத்தாள். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். பழனாயி இன்றைக்கும் தெய்வா நிட்ஸில்தான் வேலை பார்க்கிறார். இப்போது அங்கே நாற்பது மிஷின்.

6

மறுநாள் சரிவில் என்ன நடந்தது என்று கேட்டேன். அதற்குள் பழனாயியின் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிக்கொண்டே, இனிமேல் சரிவுக்கு வருகிறவர் பின்னால் திரும்பி "அவசரமுங்களா?" என்று கேட்க வேண்டும், கேட்டவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஊரில் ஒரு பேச்சு ஆகியிருந்ததாகச் சொன்னார். அந்தப் பேச்சு நிலைத்ததா, தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் பழைய வாய்க்கே போய்விட்டார்களா என்று சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அந்த முடிவு என்னிடம் இல்லை. யோசித்துப் பார்த்தால், எழுதத் தெரியாமல் மூன்று தொடக்கங்களை முன்னும் பின்னும் ஒடித்து, சரிவை நான்தான் இவ்வளவு நேரம் அடைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் பின்னால் நின்று மரியாதைக்குப் பொறுத்துக்கொண்டிருந்தீர்கள். இதோ, வண்டியை மேலே ஏற்றிவிட்டேன். சரிவு காலி. மறுநாள் காலை. முதல் ஆளாக நீங்கள் பரிசலோடு வந்து நிற்கிறீர்கள். பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்கிறது.

நீங்கள் திரும்பிக் கேட்பதற்கு முன் நான் கேட்டுவிடுகிறேன், உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கு அவசரமுங்களா?