கறிவேப்பிலைச் சாடியும் காதுப் பஞ்சும்

மனோர் பார்க்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் பரமேஸ்வரன் ஏழு மாதம் மனைவியின் குரலைக் கேட்காமலே குடும்பம் நடத்தினார். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு காதிலும் பஞ்சு. பஞ்சுக்குக் காரணம் ஒரு பாம்பு. பொய் என்று நினைப்பவர்கள் சேர்ச் ரோட்டு முருகன் கோவிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் யாரையும் விசாரிக்கலாம். அங்கே இதைவிடக் கூட்டித்தான் சொல்வார்கள்.

பாம்புக்கு முன்னால் கறிவேப்பிலையைச் சொல்லவேண்டும். லண்டனில் கறிவேப்பிலை வளர்ப்பதைவிடப் பிள்ளை வளர்ப்பது சுலபம். குளிர்ந்தால் பிள்ளை தானே கம்பளி ஜம்பரைப் போட்டுக்கொள்ளும். பரமேஸ்வரன் ஹீட்டருக்குப் பக்கத்து யன்னலை மரத்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் வாசல் காற்றில் நடுங்கிக்கொண்டு இருப்பார். சனிக்கிழமை நடுப்பகலில் மரத்துக்குப் புளித்த மோர், ஒரு கரண்டி. அதற்கு மேல் ஒரு சொட்டு விடமாட்டார், வேர் அழுகிவிடுமாம். அந்தக் கவனிப்பில் மரம் சாடியிலிருந்து இடுப்பளவுக்கு எழும்பி நின்றது.

போன கோடையில் அதை வெயில் காய வெளியே வைத்த அன்றைக்குப் பார்த்து மழை கொட்டியது. சாடி நிரம்பித் தண்ணீர் நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு மண்புழு மேலே வந்து, விளிம்பில் தலையை வைத்து, நாக்கை நீட்டியது.

வேறு யாரும் என்றால் கத்தியிருப்பார்கள். பரமேஸ்வரனின் மனைவி சந்திரவதனா மருந்துப் பெட்டியில் எழுத்து வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார்.

"அண்ணை, மண்புழுவுக்கு நாக்கு இருக்கோ?" என்று வேலிக்கு மேலால் என்னைக் கேட்டார்.

"மனோர் பார்க்கில இருக்கிறதுக்கு இல்லை. ஆரோடை கதைக்கப் போகுது?"

பூதக்கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். சப்பாத்து நாடா போல ஒரு உடம்பு, என் நடுவிரல் நீளம். எண்ணெய் பூசித் துடைத்தது மாதிரிக் கறுப்பு மினுக்கம். அவ்வளவு சின்ன உடம்பிலும் செதில்கள் ஒன்றோடொன்று பிசகாமல் அடுக்கியிருந்தன. கண் என்று சொல்ல, திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தது போல இரண்டு புள்ளி. நான் எத்தனையோ நகைக்கடைகளுக்குள் ஏறி இறங்கியவன். இப்படி ஒரு வேலைப்பாடு கண்டதில்லை.

சந்திரவதனா படம் பிடித்து, கோவிலில் பழக்கமான பிரியம்வதாவுக்கு அனுப்பினார். பிரியம்வதா சென்னையிலிருந்து வந்த மிருக வைத்தியர். வீட்டில் அவரும் ஒரு பாம்பு வளர்க்கிறார். உடனே போன் வந்தது.

"ஆன்ட்டி, புழுப்பாம்பு மாதிரி இருக்கு! பூச்சாடி மண்ணுக்குள்ளயே உலகம் சுத்துற பாம்பு. விஷம் கிடையாது. எறும்பு முட்டை குடுத்துப் பாருங்க."

பாம்பு என்ற சொல் பரமேஸ்வரனின் காதில் விழுந்தது. அதுதான் அந்தக் காதில் கடைசியாக விழுந்த சொல்.

"உது செவிப்பாம்பு! நித்திரை கொள்ளேக்கை காதுக்குள்ள போயிடும்!" என்று பஞ்சை எடுத்து அடைத்தார். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

சந்திரவதனா பாம்புக்கு இராசாத்தி என்று பெயர் வைத்தார். தீனிக்கு என் சமையலறை எறும்புகள் முட்டை, மூட்டையோடு பக்கத்து வீட்டு பிஸ்கட் டின்னுக்குக் குடிபெயர்ந்தன. எங்கள் தெருவில் விண்ணப்பித்த அன்றே விசா கிடைத்தது அவற்றுக்கு மட்டும்தான். மாலையில் சந்திரவதனா டின்னிலிருந்து கொஞ்சம் முட்டையை மண்ணில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். சில நாள் ஒரு வால் நுனி தெரியும். சில கிழமைகள் ஒன்றுமே தெரியாது.

"கண் தெரியாட்டியும் சாப்பாடு இருக்கிற இடம் தெரியுது, அண்ணை. இந்த வீட்டில ஒருத்தருக்கு ரெண்டு கண்ணும் இருக்கு, மேலாலை கண்ணாடியும் இருக்கு, சாவி எங்கையெண்டு தெரியாது."

அந்த ஒருவர் பக்கத்திலிருந்து சிரித்துத் தலையாட்டினார். பஞ்சு நல்ல பஞ்சு.

தை மாதம் வந்தது. வெளியே புல் விறைத்துக் கிடந்தது. பரமேஸ்வரன் புது மண் மூட்டையோடு வந்து நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமை மரத்துக்கு மண் மாத்தப்போறன். பழைய மண் தோட்டத்துக்கு."

"அதுக்குள்ள என்ரை இராசாத்தி! இந்தக் குளிருக்குள்ள விட்டா விடியிறதுக்கிடையில விறைச்சுச் செத்துப்போகும்!"

"என்ன?"

கேட்காவிட்டாலும் மனைவியின் முகத்தை வாசிக்க அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"சரியப்பா. அந்த டொக்டர் பிள்ளை அதை நேரிலை பாத்து, காதுக்குள்ள போகாது எண்டு எனக்கு முன்னாலை சொல்லட்டும். சொன்னா இருக்கட்டும். சொல்லாட்டி மண் வெளியாலை."

பிரியம்வதா சனிக்கிழமையே வரச்சொன்னார். அன்று சவுத்தாலில் சின்னப் பாம்பு வளர்ப்பவர்கள் கூடுகிறார்களாம். "ஆனா பாக்காம சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. மண்புழுவுக்கு சர்டிபிகேட் குடுத்த டாக்டர்னு பேர் வந்துடும்."

சாடிக்குக் கம்பளி சுற்றி, மூவருமாக எலிசபெத் லைன் ரயிலில் ஏறினோம். அங்கேதான் ஆபத்து இருந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏறிய ஒரு அம்மா, "ஒரு நெட்டுக் கறிவேப்பிலை எடுக்கட்டோ?" என்று கேட்டார். பரமேஸ்வரனுக்குக் கேட்கவில்லை, மரியாதைக்குத் தலையாட்டினார். பிறகு குஜராத்திக்காரர், மலையாளி, டிக்கெட் பார்க்க வந்தவர், எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் தலையாட்டினார். சவுத்தாலில் இறங்கும்போது பெட்டி முழுக்கத் தாளித்த வாசம். மரத்தில் உச்சிக் கொழுந்தைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பென்சில் பருமனில் ஒரு பச்சைப் பாம்பு, வெட்டுக்கிளியைத் தவிர வேறொன்றும் தொடாதாம். பிரியம்வதாவின் பாம்புக்குப் பல் என்று சொல்ல ஒன்றும் இல்லை, முட்டைதான் சாப்பாடு. தன் தலையைவிடப் பெரிய காடை முட்டையை விழுங்கி, உள்ளேயே உடைத்துக் குடித்து, வெறும் முட்டைக் கோதை மடித்துத் துப்பியது. கை கழுவத் தேவையில்லை. இன்னொன்று என்னைக் கண்டதும் மல்லாந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துப்போனது. பாவமென்று திருப்பி வைத்தார்கள். தான் செத்ததை நாங்கள் நம்பவில்லை என்று கோபித்து, மறுபடியும் மல்லாந்தது. அப்படி ஒரு நடிப்பை நான் மரணவீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

இவற்றுக்கு நடுவில் எங்கள் மொட்டை மரம். சனம் வந்து பார்த்தது. மரத்தைப் பார்த்தது. போனது.

"இப்ப வரும், பாருங்கோ," என்றார் சந்திரவதனா. எறும்பு முட்டை வைத்தார். கெஞ்சினார். இராசாத்தி வரவில்லை.

"கொஞ்சம் தண்ணி ஊத்தினா மேல வரும் ஆன்ட்டி," என்று பிரியம்வதா ஜக்கைத் தூக்கினார். பரமேஸ்வரன் சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வேர் அழுகும்!"

பிரியம்வதா நேரத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. பாக்காம நான் எப்படி..."

சந்திரவதனா சாடிக்குச் சுற்றக் கம்பளியைக் கையில் எடுத்தார். நாளைக்கு மண் தோட்டத்துக்குப் போய்விடும். நான் தெரியாதவன் போலச் செத்த பாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நடுப்பகலானது. பரமேஸ்வரன் பையிலிருந்து மோர்ப் போத்தலை எடுத்தார். யார் வாழ்ந்தாலும் செத்தாலும் மரத்துக்கு மோர் நேரம் தவறாது. கரண்டியில் ஊற்றப் போனவர் மொட்டைக் கிளைகளைப் பார்த்தார்.

"என்ரை பிள்ளையைப் பிச்சுப்போட்டாங்கள்," என்று தழுதழுத்து, ஆறுதலுக்காக முழுப் போத்தலையும் கவிழ்த்துவிட்டார்.

மண் பொருமியது. குமிழி வந்தது. வெள்ளை மோருக்குள்ளிருந்து கறுப்பாக இராசாத்தி தலையை எடுத்தது. அதற்குப் பின்னால் ஒரு குட்டி. பிறகு இன்னொன்று. தையல் நூல் போலக் குட்டிகள் விளிம்பெல்லாம் நெளிந்தன. நான் எண்ணியது ஆறு. பரமேஸ்வரன் இன்றைக்கும் அறுபது என்கிறார்.

"ஐயோ, எவ்ளோ அழகு!" பிரியம்வதா தாயை உள்ளங்கையில் ஏந்தினார். கண்ணாடிப் பெட்டிக்காரர்கள் தங்கள் பெட்டிகளை விட்டுவிட்டு வந்து சூழ்ந்தார்கள்.

"தகப்பன் எங்கை?" என்றேன்.

"இந்தப் பாம்புல ஆணே கிடையாது தாத்தா. தானா முட்டை போடும், எல்லாம் பொண்ணு."

"புருசன் இல்லாமலே குடும்பம் நடத்துது. பாத்தீங்களோ அண்ணை!" சந்திரவதனாவின் முகத்தில் மத்தாப்பு.

பிறகு பிரியம்வதா பரமேஸ்வரனிடம் திரும்பினார். "சார், இது காதுக்குள்ள போகாது."

"என்ன?"

"காதுக்குள்ள போகாது!"

"என்ன?"

அப்போதுதான் எல்லோருக்கும் சிக்கல் விளங்கியது. காதுக்குள் போகாது என்பதைக் கேட்க, காதைத் திறக்கவேண்டும். முன்னால் ஆறோ அறுபதோ நெளிகின்றன. பரமேஸ்வரன் பஞ்சை இன்னும் ஆழமாக அமத்தினார்.

பிரியம்வதா கெட்டிக்காரி. பாம்பை விட்டுவிட்டு உச்சிக் கொழுந்தைத் தொட்டு, உதட்டை அசைத்து ஏதோ சொன்னார்.

தன் மரத்தைப் பற்றி ஒருவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் பரமேஸ்வரனால் இருக்கமுடியாது. ஒரு பஞ்சைப் பிடுங்கினார்.

"என்ன சொன்னீங்கள் பிள்ளை?"

"லண்டன்ல இப்படி ஒரு மரம் நான் பாத்ததில்லைன்னேன். பாம்பு குடும்பத்தோட குடியேறணும்னா மண்ணு அப்படி இருக்கணும் சார்."

மற்றப் பஞ்சையும் பிடுங்கினார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

மரத்தைச் சொன்னார். கையோடு பாம்பையும் சொன்னார். "இதோட வாயைப் பாருங்க, எறும்பு முட்டையே மெதுவாதான் போகும். உங்க காதுல இதுக்கு என்ன இருக்கு?"

பரமேஸ்வரன் குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக இராசாத்தியைப் பார்த்தார். அது நாக்கை நீட்டியது.

"வடிவாத்தான் இருக்கு," என்றார். மோர் வடிந்ததும் தாயையும் குட்டிகளையும் மண்ணுக்குள் விட்டார்கள், அந்தக் குழப்பத்தில் அவர் பஞ்சு இரண்டையும் சாடிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

மண் மாறவில்லை. புது மண் மூட்டை என் தோட்டத்துக்கு வந்துவிட்டது. மரம் மறுபடி தழைக்கிறது.

பங்குனியில் பரமேஸ்வரன் பஞ்சைத் தேடிப் போனார். இராசாத்தி அந்தப் பஞ்சுக்குள் முட்டை வைத்திருந்தது, அரிசி மணி மாதிரி. மெதுவாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார். புதுப் பஞ்சு வாங்க அவருக்குக் கூச்சம். காதுக்குள் போகாது என்று கோவிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

ஏழு மாதக் கதையை சந்திரவதனா இப்போதுதான் சொல்லி முடிக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கும் கேட்கும். நடுநடுவே, "ஓமப்பா, ஓமப்பா." நேற்று எட்டிப் பார்த்தேன். பரமேஸ்வரன் பூதக்கண்ணாடியோடு சாடிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"குஞ்சு பொரிக்க இன்னும் எத்தினை நாள் செல்லும், அண்ணை?" என்று காதைத் தடவியபடி மெல்லக் கேட்டார். பாம்பில் அவ்வளவு பாசம்.