இறங்கிய பிறகும் நின்றவர்கள்

டாக்ஸி கம்பெனிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், வீடு போய்ச் சேர்ந்துவிட்ட பயணிகள் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வெயில் காலத்தில் கொஞ்சம் தள்ளித் தள்ளியும், மழைக் காலத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டும் நின்றார்கள். அவர்கள் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, உட்கார நாற்காலி கேட்பதுமில்லை. மூச்சு மட்டும் விட்டார்கள்; அந்தச் சூட்டில் சர்வர் அறையின் ஏசி திணறியது. வண்டி கூப்பிட்ட நொடியில் எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள். ஒரு கன்னத்தில் ஷேவிங் நுரையோடு ஒருவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு தாய், மீன் தொட்டியை மார்போடு அணைத்த ஒரு கிழவர். அசல் ஆட்கள் அதே நேரத்தில் தங்கள் வீடுகளில் டிவி பார்த்துக்கொண்டோ மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டோ இருந்தார்கள். தங்களின் ஒரு பிரதி அங்கே நிற்பது தெரிந்தும் யாரும் வந்து விசாரிக்கவில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாராவது வண்டி கூப்பிட்டால் கம்பெனியின் புரோகிராம் தனக்குள் ஒரு பயணியை உண்டாக்கிக்கொள்ளும். சர்வர் மூன்றாம் மாடியில் இருந்ததால் அந்தப் பயணியும் மூன்றாம் மாடியில் தோன்றுவார். சவாரி முடிந்ததும் சோப்புக் குமிழி உடைகிற சத்தத்தோடு மறைய வேண்டும். புரோகிராமை எழுதிய ஸ்கிரிப்ட் மொழி சுத்தபத்தமான மொழி. யாரும் பிடித்துக்கொண்டிராத பொருளை அதுவே கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடும் என்று நம்பித்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஒரே ஒரு வீம்பு உண்டு. எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் ஒரு பொருளின் நுனியைப் பிடித்திருந்தாலும் போதும், அதன்மேல் கை வைக்காது. பிடித்தவர் பிடித்ததையே மறந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வெளியூரில் இதை மெமரி லீக் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இங்கே அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தது.

மாடி நிறைந்தால் சர்வருக்கு மூச்சு முட்டும், ஊரிலுள்ள டாக்ஸியெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். அதற்கு மேனேஜர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பப் போடுவார். மாடி துடைத்துவிட்டாற்போல் காலியாகும். தன் வயிற்றுவலிக்கும் அவர் அதே முறையில் படுத்து எழுந்துதான் பார்ப்பார் என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். ஆனால் கம்பெனி ஆம்புலன்ஸ் சேவையையும் எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு சர்வரை ஒரு நொடிகூட அணைக்க வழியில்லாமல் போயிற்று. அந்த ஆண்டு மழையும் சும்மா இருக்கவில்லை. பயணிகள் மாடிப்படிவரை நிரம்பி வழிந்தார்கள், இரண்டாம் மாடியின் கூரை கீழ்நோக்கித் தொய்ந்தது. அப்போதுதான் மேனேஜர் குடைச்சலின் மேசைக்கு வந்து நின்றார்.

குடைச்சல் என்பது அவளுக்கு ஆபீசில் வைத்த பெயர். ஒரு பிழையைக் கையிலெடுத்தால் அடிவேர்வரை குடைந்து பார்க்காமல் விடமாட்டாள். அவளும் அந்தப் பெயரைப் பட்டம் மாதிரிதான் வைத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு குறை மட்டும் இருந்தது: திறந்ததை மூடமாட்டாள். அலமாரிக் கதவு, பற்பசை மூடி, கணினித் திரையில் ஜன்னல்கள், எல்லாம் அப்படி அப்படியே கிடக்கும். வேறொன்று வேண்டுமென்றால் முன்னதை மூடாமல் அதன்மேல் புதிதாக ஒன்றைத் திறப்பாள். "உன் பின்னாடியே ஒரு ஆள் கதவு சாத்திக்கிட்டு வரணும்டி" என்று அவளுடைய அக்கா சொல்லாத நாளில்லை. புருஷன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள்.

அவள் அப்படி வந்தது சர்வரை அணைப்பது நின்றுபோன பிறகு; அதை ஆபீசில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும் இடது பக்கம் அவளே நின்றுகொண்டிருந்தாள். ஈரத்தலை, அழுது சிவந்த கண், ஓரத்தில் துண்டு பிதுங்கும் சூட்கேஸ், அவசரத்தில் ஒரு காதில் மட்டும் தோடு. மேலே அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே வருகிறவர்கள் இவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இவள் ஜோக் சொன்னால் சிரிப்பதற்கு முன் ஒரு கணம் யோசித்தார்கள். "பாவம்" என்ற சொல் இவள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் நடந்து வந்தது. இவளோ அந்த வீட்டை விட்டதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை, நிம்மதியாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த ஒரு காலைப்பொழுது அங்கே நிற்கும்வரை அதை யார் நம்புவார்கள்? அவள் லிஃப்டைத் தவிர்த்துப் படியேறப் பழகினாள். மூன்றாம் மாடிக்குப் போவதையே விட்டாள்.

"மாடி முழுசா காலியாகணும்மா" என்றார் மேனேஜர். "ஒருத்தர் மிச்சம் நின்னாக்கூட ஆம்புலன்ஸ் ஒப்பந்தத்தை நீட்டிக்க ஆஸ்பத்திரிக்காரங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. முடிச்சுக் கொடு, பிரிவுக்குத் தலைவி நீதான்."

"முடிச்சிடலாம் சார்" என்றாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் அகப்பட்டது புரோகிராமுக்குள் இருந்த மழை மணி. மழையில் வண்டி கூப்பிடுகிற ஒவ்வொருவரும் 'மழை வலுத்தால் எனக்குச் சொல்' என்று அந்த மணியிடம் பெயர் கொடுத்திருந்தார்கள். இறங்கிய பிறகு பெயரை எடுத்துவிடச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை. மணி அத்தனை பேரின் முந்தானையையும் சட்டை நுனியையும் விடாமல் பிடித்து வைத்திருந்தது. அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். அன்று மதியத்துக்குள் மாடியில் பாதிப்பேர் படபடவென்று உடைந்து மறைந்தார்கள். அடுத்தது ஜோடிகள். சில சவாரிகளில் பயணியோடு டிரைவருக்கும் ஒரு பிரதி உண்டாகியிருந்தது. பயணி டிரைவரின் கையைப் பிடித்திருந்தார், டிரைவர் பயணியின் கையைப் பிடித்திருந்தார்; வெளியே அவர்களைத் தேடுவார் யாருமில்லை, ஆனாலும் நீ விடு நான் விடுகிறேன் என்று நின்றார்கள். அப்படிப்பட்டவர்களைப் பிரித்து அனுப்ப அந்த மொழியில் ஒரு துப்புரவு ஆள் உண்டு. வேகம் குறைகிறது என்று சொல்லி மேனேஜரின் மச்சான், தான் வேலை பார்த்த காலத்தில், அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். குடைச்சல் திரும்ப வரச் சொன்னாள். பிறகு, பாதி வழியில் பழுதான சவாரிகள். ஒவ்வொரு பழுதும் தன் சாட்சிக்காக நடந்தது அத்தனையையும் முஷ்டியில் இறுக்கி வைத்திருந்தது. அவள் விரல் விரலாகப் பிரித்தாள்.

மீன் தொட்டிக் கிழவர்தான் சற்று ஆட்டம் காட்டினார். யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டால் யாருமில்லை என்று வந்தது, ஆள் மட்டும் அசையவில்லை. புரோகிராமிடம் கேள்வி கேட்கத் திரையில் திறக்கிற ஜன்னலின் சுபாவம் அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பக் கேட்டாலும் கேட்பார்களே என்று கடைசியாகச் சொன்ன பதிலை அது உள்ளங்கையிலேயே வைத்திருக்கும். கிழவரைப் பற்றித்தான் கடைசியாகக் கேட்டிருந்தாள். சும்மா வேறு எதையோ கேட்டாள். கிழவர் மீன்களோடு மறைந்தார். "நானே பிடிச்சு வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று எல்லாருக்கும் டீ அவள் செலவு.

மழை விட்டபோது மாடி காலியாகிவிட்டது, ஒருத்தியைத் தவிர. மணி விட்டாயிற்று, ஜோடியில்லை, பழுதுமில்லை. லிஃப்டின் இடது பக்கத்தில் அவள் மட்டும் சூட்கேஸோடு நின்றாள். கூட்டம் இருந்தபோது பத்தோடு பதினொன்றாக இருந்தவள், இப்போது அத்தனை பெரிய மாடியில் தனியாக நின்றதால் இன்னும் பாவமாகத் தெரிந்தாள். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு தடவை அணைச்சுப் போட்டுடலாமா? கண் சிமிட்டற நேரம்தான். யாருக்கும் தெரியாது."

"அந்த நேரத்துல யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிட்டா அவங்களுக்குத் தெரியும் சார்" என்றாள். "அதோட, அணைச்சா அவ போயிடுவா. ஏன் நின்னான்னு தெரியாமலே போயிடுவா. நாளைக்கு வேற யாராவது வந்து நிப்பாங்க."

யார் பிடித்திருக்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவளுடைய பழைய புருஷனின் போனிலும் இதே கம்பெனியின் ஆப் இருந்தது. குடும்பத்தில் யார் எங்கே போகிறார்கள் என்று அதில் பார்க்கலாம். அவன் அந்தச் சவாரியைத் திறந்து வைத்துக்கொண்டு இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கம் எரிச்சலாகவும், சொல்லப்போனால் இன்னொரு பக்கம் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிரிந்த பிறகு முதல்முறையாக அவனுக்கு போன் செய்தாள்.

"என்னோட அந்தச் சவாரியை விட்டுடுங்க. நீங்க பிடிச்சு வெச்சிருக்கறதாலதான் இங்க எனக்கு வேலை நிக்குது."

மறுமுனையில் பிரஷர் குக்கர் விசிலடித்தது. அவன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, "எந்தச் சவாரி?" என்று கேட்டான். கோபமில்லாத, நிஜமாகவே தெரியாத குரல். "அந்த ஆப்பே இப்ப என்கிட்ட இல்ல. நீ போன கொஞ்ச நாள்லயே எடுத்துட்டேன். உன்னோட இன்னொரு தோடுகூட இங்க கிடந்துச்சு, உங்க அக்காகிட்ட அப்பவே கொடுத்துட்டேனே, தரலையா?"

அவள் போனை வைத்தாள். மானம் போனதுபோல் இருந்தது. வீட்டில் அக்காவைக் கேட்டதற்கு, அக்கா பீரோவிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். "நீ கேக்கல, நான் கொடுக்கல. பாத்தா அழுவியோன்னு பயம்டி." அக்காவும்கூட மூன்றாம் மாடியில் நிற்கிறவளைத்தான் இத்தனை நாளும் தங்கையென்று பார்த்து வந்திருக்கிறாள். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை அவள் லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடிக்குப் போனாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் எதிரிலேயே உட்கார்ந்து முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். எண்ணியதுபோல் பரிதாபமாக இல்லை. கண் சிவந்திருந்தது, தாடை மட்டும் இறுகியிருந்தது. கையில் போனை உயர்த்திப் பிடித்து, திரையைப் பார்க்காமல் தெருமுனையை, வண்டி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணிச்சல்காரி என்று குடைச்சலுக்குத் தோன்றியது. "வண்டில ஏறின. இறங்கின. அப்புறம் என்ன பண்ணினடி?" என்று வாய்விட்டே கேட்டாள். கேட்ட உடனேயே பதிலும் தெரிந்துவிட்டது. அன்று அவள் நேரே ஆபீசுக்குத்தான் வந்தாள். தலை துவட்டாமல் மேசையில் உட்கார்ந்து, கேள்வி ஜன்னலைத் திறந்து, தான் வந்த சவாரி வேறு யார் கண்ணிலாவது படுகிறதா என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் அதன்மேல் வேறொரு ஜன்னலைத் திறந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

கீழே போய்த் திரையிலிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். எல்லாவற்றுக்கும் அடியில், அந்த மழைக்காலையில் திறந்தது அப்படியே இருந்தது. அவள் கேள்வி, அதன் பதில், அதன்கீழ் துடித்துக்கொண்டிருக்கும் சின்னக் கோடு. அவள் திரும்ப வந்து ஏதாவது கேட்பாள் என்று அது இத்தனை காலமும் அந்தப் பதிலைக் கையில் வைத்தபடி காத்திருந்தது. எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை, உடைக்கவும் வேண்டியிருக்கவில்லை. வேறு ஏதாவது கேட்டால் போதும். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டாள். நான்கு என்று சொல்லியது.

மேலே குமிழி உடைகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் இறங்கி வந்தார். "மேடம், அந்தம்மா போயிட்டாங்க. சூட்கேஸ் வெச்ச இடத்துல மட்டும் ஈரம் இருக்கு, துடைச்சிடட்டுமா?" என்று கேட்டார். "துடைச்சிடுங்க" என்றாள். பிறகு அந்த ஜன்னலை மூடினாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள், மாடியைச் சுற்றிப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் தன் வெற்றியாகவே அதைப் பாவித்து எல்லாருக்கும் கை கொடுத்தார். அன்று சாயங்காலம் பிரிவுத் தலைவி வீட்டுக்குப் போக டாக்ஸி கூப்பிட்டாள். வழக்கம்போல் மூன்றாம் மாடியில் அவளுடைய பிரதி தோன்றியது. தோளில் லேப்டாப் பை, இரண்டு காதிலும் தோடு, எதையோ நினைத்துச் சிரித்தபடி. ஜன்னல்களைச் சாத்த வந்த வாட்ச்மேன், "என்ன மேடம், கிளம்பிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அக்கா வீட்டு வாசலில் அவள் வண்டியை விட்டு இறங்கினாள். இங்கே மூன்றாம் மாடியில் சின்னச் சத்தத்தோடு இடம் காலியானது. வாட்ச்மேன் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார்.