நாற்பத்தேழாம் தகடு

ஜெபக்கூடத்தின் பின்பக்கம் சிமென்ட் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. நான்கு படி, இடுப்பளவு தண்ணீர். அதைப் பார்த்ததுமே காவல்காரன் ஒரு அடி பின்வாங்கினான்.

காவல்காரன் என்றால் கேட்டுக் காவல் இல்லை. எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் கூட்டத்தில், ஆள் உள்ளே இறங்கியதும் தொட்டியின் வாயோரம் நிற்கிற வேலை. இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளைத் தகட்டை அங்கே ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். தகடு தொங்கும்வரை காவல்காரன் அசையக்கூடாது. மூத்திரம் முட்டினாலும் நின்றாக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் அவன் அசைந்தான். ஒரு டீ குடிக்கும் நேரம். திரும்பி வந்து, "அண்ணே!" என்று குரல் கொடுத்தான். பதில் இல்லை. விஷவாயு. ஆட்களைக் கூவி அழைப்பதற்கு முன்னால் அவன் கை செய்த முதல் வேலை, நாற்பத்தேழாம் தகட்டை ஆணியிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டதுதான். தகடு மாட்டாமல், சொல்லாமல் இறங்கியது செத்தவர் தப்பு என்று விசாரணை முடிந்தது. அன்றிலிருந்து அவன் சட்டை மாற்றும்போதெல்லாம் தகடும் பை மாறியது. தூக்கி எறியக் கை வரவில்லை.

அவனை இந்தக் கூடத்துக்குக் கூட்டிவந்ததே, அவன் அண்ணி என்று கூப்பிடுகிற, செத்தவரின் மனைவிதான். "தம்பி, குடிச்சுக் குடிச்சு நீயும் போய்ச் சேராத. வந்து ஒரு ஓரமா உக்காரு" என்றாள். உட்கார்ந்தான். குடி நின்றது. தொட்டியில் முக்கி எடுக்கிற ஞானஸ்நானம் என்றால் மட்டும் உடம்புக்கு ஏதாவது வந்துவிடும்.

"முதல் தடவை காய்ச்சல், அடுத்த தடவை சளி. இன்னைக்கு என்ன, பல்வலியா?" தண்ணீருக்குள் நின்றபடி போதகர் கேட்டார். ஒருகாலத்தில் லாரி ஓட்டியவர். குரலில் இன்னும் ஹாரன் இருந்தது. "இறங்குங்க. பழசையெல்லாம் ஆண்டவர் மன்னிச்சாச்சு."

"மேல யாரு நிப்பா ஐயா?"

"இது என்ன கிணறா? நான் தூக்க மாட்டேனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டவருக்குத் தெரியும், அவரிடம் ஆயிரம் தடவை அழுதாயிற்று. துண்டோடு படியோரம் நிற்கிற அண்ணிக்குத் தெரியாது. அவன் ஜெபமெல்லாம் அந்த இடத்தில்தான் சிக்கி நின்றது.

ஓடிவிடலாமா என்று பார்த்தான். ஓடவில்லை. பைக்குள் கைவிட்டுத் தகட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"அண்ணே இத மாட்டிட்டுத்தான் இறங்கினாரு அண்ணி. நான்தான் டீ குடிக்கப் போயிட்டேன். வந்து, எடுத்து மறைச்சுட்டேன்."

அவள் எண்ணை விரலால் தடவினாள். ஒருமுறை, இன்னொருமுறை.

"தினமும் படத்து முன்னால நின்னு திட்டுவேன்டா" என்றாள். "பொறுப்பில்லாத மனுஷா, ஒரு தகட்ட மாட்டக் கை நோவுதான்னு கேப்பேன். ஆறு வருஷமா செத்தவர திட்டிட்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடியிருக்க."

"ஆமா அண்ணி."

"மன்னிச்சுட்டேன்னு இப்ப என் வாயில வராது."

"வேணாம். நாளைக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லிடறேன். வேலை போகட்டும், ஜெயில்ல போடட்டும்."

"நானும் வருவேன். நீ சொல்றத என் காதால கேக்கணும்."

போதகர் தொண்டையைச் செருமினார். "வேணும்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம்..."

"இன்னொரு நாள் எதுக்கு ஐயா? இறங்கட்டும்."

சுவரில் துண்டு மாட்டும் ஆணி ஒன்று இருந்தது. அதில் தகட்டை மாட்டினாள். திரும்பி வந்து படியோரம் காலை ஊன்றி நின்றாள். கண் சிவந்திருந்தது, குரலில் கனிவு ஒன்றும் இல்லை.

"போ. நீ மேல வர்ற வரைக்கும் அசைய மாட்டேன்."

அவன் இறங்கினான். போதகர் அவனைப் பின்பக்கமாகச் சாய்த்து முக்கினார். தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. காதுக்குள் அந்தப் பழைய தொட்டியின் மௌனம். போதகரின் கை முதுகைத் தாங்கித் தூக்கியது. வெளியே வந்து இழுத்த மூச்சு, இத்தனை வருடம் கழித்து, அடிவயிறுவரை போனது.

கண்ணைத் துடைத்துவிட்டு முதலில் படியைப் பார்த்தான். அவள் நின்றுகொண்டிருந்தாள்.