தெரியாதவர் ஒருவர் தேவை

உலகத்தில் எந்த வேலைக்கும் ஆள் பிடித்துவிடலாம், ஒன்றுமே தெரியாத ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு என்று தம்பிக்காரனுக்கு அந்த வருடம்தான் புரிந்தது. சிரிக்காதீர்கள், அவன் பாடு அப்படி.

அவன் தொழில் கையேடு எழுதுவது. வானத்தில் சுற்றுகிற வானிலைச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படத்தை நம் வீட்டுக் கணினியிலேயே நேராகப் பிடித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று இருந்தது. பல நாட்டு ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, சல்லிக்காசு வாங்காமல் சேர்ந்து எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். எல்லாம் சரிதான், ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் யார் என்று பார்த்தால், எழுதியவர்கள் மட்டுமே. வாசல் கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டுப் படி கட்ட மறந்துபோன வீடு மாதிரி. கேட்டால், தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு வரட்டுமே என்பார்கள். அதிலும் தாடி என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவர் இருந்தார், மகா கெட்டிக்காரர். இது எல்லாருக்குமான சமாச்சாரம் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இல்லை, எல்லாருக்கும்தான் என்று தம்பிக்காரன் ஒற்றைக்காலில் நின்றான். இப்படி மென்பொருள்களுக்குப் புதியவர்கள் படிக்கிற கையேடு எழுதவென்றே நல்கைப் பணம் கொடுக்கும் ஓர் அறக்கட்டளை இருந்தது. அவர்களும் இவனை நம்பிக் கொடுத்தார்கள். ஆனால் கடைசியில் ஒரு கண்டிப்பு வைத்தார்கள். கையேடு முடிந்ததும், இதைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு வானத்திலிருந்து ஒரு படத்தை இறக்க வேண்டும். அறக்கட்டளை அம்மா ஒருவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பார். எழுதியவன் அதே அறையில் இருக்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது, ஜாடையும் கூடாது. படம் வந்தால் கையேடு வெளியாகும். வராவிட்டால் அவன் உழைப்பெல்லாம் பரணுக்குப் போகும், தாடி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

வினை என்னவென்றால், எழுதும்போதே அவன் தெரியாதவர்களை எல்லாம் செலவழித்துத் தீர்த்திருந்தான். முதலில் அத்தான். ரிசீவரைச் செருகுங்கள் என்ற வரியைப் படித்துவிட்டு, சிக்னலைப் பிடிக்கிற அந்தச் சின்னப் பொருளை அவர் சார்ஜர் ஓட்டையில் திணிக்கப் பார்த்தார். வரியைத் திருத்தினான். ஆனால் அத்தானுக்கு இப்போது தெரிந்துவிட்டதே, இனி அவரால் பிரயோஜனம் இல்லை. பிறகு கீழே முடிவெட்டும் கடைக்காரர், மருந்துக்கடைப் பெண், வீட்டு உரிமையாளர். ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் தடுக்கி விழுந்தார்கள், இவன் அந்த இடத்தைச் செப்பனிட்டான், அந்த ஆள் தீர்ந்தார். ஒருவர் ஒரு தடவைதான் புதியவராக இருக்க முடியும். அவனே ஒரு காலத்தில் புதியவனாகத்தான் இருந்தான். அப்போது எது புரியாமல் விழித்தோம் என்று யோசித்துப் பார்த்தால், தலைகீழாக நின்றாலும் ஞாபகம் வரவில்லை.

மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான்.

அக்கா பார்சல் ஆபீசில் வேலை செய்தாள். நாள் முழுக்க விலாசம் பார்த்துப் பெட்டிகளைத் தெருத்தெருவாகப் பிரித்துப் போடுவாள். அங்கே புதிதாக ஓர் இயந்திரம் வந்தபோது அவள் ஏதோ மாற்றி அழுத்திவிட, மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். அத்தோடு அவள் கணினி இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. வீட்டிலும் அக்காவுக்கு இதெல்லாம் ஆகாது என்று ஆளாளுக்குச் சொல்லி, அவளும் அதையே சொல்ல ஆரம்பித்திருந்தாள். தம்பிக்காரன் அவளைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைத்ததும் அதனால்தான். இப்போது வேறு வழியில்லை, போய்க் கெஞ்சினான்.

“எனக்கு மண்டையில ஏறாதுடா. அந்தம்மா முன்னாடி நான் முழிச்சிக்கிட்டு நிக்கணுமா?”

“நீ முழிச்சா அது என் தப்புக்கா. உன் தப்பு இல்ல.”

“ஆமா, எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க” என்றாள். ஆனாலும் கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி வந்து தொலைகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா தலையைப் படிய வாரிக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள். சாதாரண மனிதர் எப்படி உட்காருவாரோ அப்படி, வீட்டுக்குள் மேஜையில் உட்காரட்டும் என்று அறக்கட்டளை அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்தாயிற்று, அதற்குள்ளிருந்து அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மேஜையில் மடிக்கணினி, கட்டைவிரல் அளவு ரேடியோ ரிசீவர், ஒரு கட்டையில் வி வடிவத்தில் திருகிய இரண்டு அலுமினியக் கம்பிகள். அதுதான் ஆன்டெனா. தம்பிக்காரன் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

அக்கா ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, முணுமுணுத்துப் படித்து, செய்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனாள். அத்தான் சறுக்கிய இடத்தை அலுங்காமல் தாண்டினாள். மருந்துக்கடைப் பெண் சிக்கிக்கொண்ட பக்கம் அவளை ஒன்றுமே செய்யவில்லை. அடுத்த செயற்கைக்கோள் எப்போது என்று மென்பொருளிடம் கேட்டாள், இதோ வந்துகொண்டிருக்கிறது என்று அது சொன்னது. ‘ஆன்டெனாவைப் பொருத்தி, படத்தில் உள்ளபடி வையுங்கள்’ என்ற வரி வந்தது. கம்பிகளை அழகாக விரித்து, மேஜை மேல் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தம்பிக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே கொண்டுபோங்கள் என்று எங்கே எழுதினோம்? எழுதினோமே? மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினான், எங்கேயும் இல்லை. இத்தனை நாள் ஒத்திகை எல்லாம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் நடந்தது. யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே அவனே மேஜையை மேலே தூக்கிப்போய்ப் போட்டுவிடுவான். அதனால் யாரும் இங்கே தடுக்கி விழவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. வானத்தைப் பிடிக்க வானத்தடியில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்ட கையேடு! அவனுக்குத் தன்னையே நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது.

நேரம் வந்தது. ஸ்பீக்கரில் உஸ்ஸென்று வெறும் இரைச்சல். திரையில் வரிவரியாகச் சாம்பல் நிறப் பொடி இறங்கியது, படமும் இல்லை ஒன்றும் இல்லை. ஒரு செயற்கைக்கோள் நம்மைக் கடந்துபோகக் கால் மணி நேரம்கூட ஆகாது, அதற்குள் பிடித்தால் உண்டு. அக்கா முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தாள், எல்லாம் செய்திருந்தாள். அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டாள்: “அது இப்ப எங்கடா இருக்கு?”

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லவும் வழியில்லை. கண்ணை உயர்த்தினால்கூட ஜாடை என்று ஆகிவிடும் என்று தம்பிக்காரன் தரையையே வெறித்தான், அதுவும் போதாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“மேலதான போகும்” என்றாள் அக்கா. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “நடுவுல கூரையில்ல இருக்கு?”

அவன் கண்ணைத் திறந்தபோது அவள் மடிக்கணினியைப் பார்சல் மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆன்டெனாவை மறுகையில் பிடித்து வாசலைத் தாண்டியிருந்தாள். செல்போனைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். மாடிப்படியெல்லாம் குலுங்கிக் குலுங்கித் தெரிந்தும் அறக்கட்டளை அம்மா தடுக்கவில்லை.

மேலே வந்து தொட்டி நிழலில் மடிக்கணினியை வைத்துவிட்டு, அக்கா ஆன்டெனாவை வெட்டவெளியில் நீட்டினாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. டிக்கு டிக்கு என்று, யாரோ பொறுமையாக நடந்து வருகிற மாதிரி, ஒரே சீராக. திரையில் சாம்பல் பொடிக்குக் கீழே சுத்தமாக ஒரு வரி விழுந்தது. அதன் கீழ் இன்னொன்று, அதன் கீழ் இன்னொன்று. கறுப்பாகக் கடல் வந்தது. வளைந்து வளைந்து கரை வந்தது, பள்ளிக்கூட வரைபடத்தில் அவள் பென்சிலால் வரைந்த அதே கரை. அதன் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல மேகம்.

அக்கா திரையைப் பார்த்தாள். கிழக்கே அண்ணாந்து பார்த்தாள். அங்கே நிஜமாகவே ஒரு பெரிய மேகம் நின்றது.

“இதுதான் அதா?” அவள் குரல் இறங்கிவிட்டது. “அங்கேருந்து பார்த்தா முதுகு. நமக்குத் தெரியறது வயிறு.”

  தம்பிக்காரன் எத்தனையோ தடவை பார்த்த படம்தான், பார்த்துப் பார்த்து மரத்துப்போயிருந்தது. இன்றைக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஒன்று போகிறது, போகிற போக்கில் பூமியை வரிவரியாகப் படித்துச் சொல்கிறது, அது அக்கா கையிலிருக்கும் இரண்டு கம்பியில் வந்து இறங்குகிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை அவன் கண்டதில்லை, கண்டும் மறந்திருந்தான்.

“இத நமக்குன்னு யாரும் அனுப்பலையே?” என்று அவளே கேட்டு அவளே சொன்னாள். “விலாசமே இல்ல. யார் கம்பி நீட்டினாலும் கிடைக்கும். அப்ப இத்தனை வருஷமும் என் தலை மேலயும் விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

டிக்கு டிக்குச் சத்தம் மெலிந்து, இரைச்சலில் கரைந்து, நின்றது. செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. திரையில் பாதிப் படம் நின்றது.

அப்போதுதான் அறக்கட்டளை அம்மா பேசினார். படம் வந்துவிட்டது, பாதியானாலும் படம்தான், ஒரே ஒரு கேள்வி பாக்கி என்றார். “வெளிய போகணும்னு எந்த வரியைப் பார்த்து முடிவு பண்ணீங்க?”

 அக்கா ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும், கையேடு கரையேறிவிடும். அக்கா அவனைப் பார்த்தாள், செல்போனைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி கையைப் பிசைந்தாள்.

“அதுல அப்படி இல்லம்மா. நானாத்தான் போனேன். போயிருக்கக் கூடாதுன்னா மன்னிச்சிடுங்க.”

“நீங்க ஏன் மன்னிப்பு கேக்கறீங்க? தப்பு பண்ணது கையேடு.”

“நான் எழுதினதுதான்க்கா தப்பு” என்றான் தம்பிக்காரன். இத்தனை நேரம் அடக்கிவைத்த வாய் முதலில் சொன்னது அதைத்தான். கையேடு தொங்கலில் நிற்கிறது என்று தெரிந்தும், அதைச் சொன்னதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

கையேடு தேறவில்லை என்றார் அறக்கட்டளை அம்மா. ஆனால் குறை எது என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டதால் இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், அதுதான் கடைசி, விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டு ஆளை ஏற்பாடு செய்யுங்கள் என்றார். ஆளுக்கு எங்கே போவது என்று தம்பிக்காரன் தலையில் கைவைத்தான்.

“நானே வர்றேம்மா. இவன் அந்த வரிய எழுதிடட்டும், அடுத்த வாரமே வந்து உக்காந்துர்றேன்” என்றாள் அக்கா.

“நீங்க வர முடியாதும்மா. தெரியாதவங்கதான் வரணும். உங்களுக்குத்தான் தெரியுமே.”

அக்கா செல்போன் பக்கம் திரும்பினாள். “என்ன சொன்னீங்க?”

“உங்களுக்குத் தெரியும்னு சொன்னேன்.”

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மடிக்கணினி முன்னால் போய் உட்கார்ந்திருந்த தம்பிக்காரனிடம், “தள்ளு, அடுத்தது எப்ப வருதுன்னு பார்க்கிறேன்” என்று சொல்லி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.