மெருகேற்றிய கத்தி

“அரைஞாண அறுத்துடுங்கப்பா. கத்தி யாருகிட்டயாவது இருக்குதா?” என்றார் செல்லக்கண்ணு பெரியப்பா.

வாசலில் பெஞ்சு போட்டு அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மணவாளன் மாமா தலையைத் தாங்கியிருக்க, தமிழ்க்குமரன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினான். நேற்று மத்தியானம் வரை கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டிருந்த அப்பா குழந்தைவேல், வரப்பிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

பெரியப்பா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் செல்லக்கண்ணு இல்லையே.

“அரைஞாண்லயே ஒரு மடக்குக்கத்திய கோத்து வச்சிக்கினு இருந்த மனுசன். பொங்கலோட அதையும் காணாம அடிச்சிட்டாங்க. எவன் மடியில கீதோ.”

நாலைந்து பேர் மாமாவைப் பார்த்தார்கள். மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

தமிழ்க்குமரன் வேட்டிக்குள் போட்டிருந்த அரைக்கால் சட்டையின் இடது பையில், கைக்குட்டையில் சுற்றி, அந்தக் கத்திதான் இருந்தது. சிதையில் யாருக்கும் தெரியாமல் அப்பாவின் கைக்கடியில் செருகிவிட வேண்டும் என்று விடியற்காலையில் எடுத்து வைத்திருந்தான்.

பழைய மடக்குக்கத்தி என்றால் அவனுக்குப் பைத்தியம். சண்டே மார்க்கெட்டில் துருப்பிடித்ததாகப் பார்த்து வாங்கி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்த்துக் கூராக்கி, பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரிவான். அப்பாவின் கத்தியையும் பொங்கலுக்குப் புதுசாக்கிக் கொடுத்து அசத்திவிடலாம் என்று, அவர் குளிக்கக் கழற்றி வைத்த நேரம் எடுத்துவிட்டான். கையால் தேய்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவசரத்தில் மோட்டார் சாணைச் சக்கரத்தில் கொடுத்தான். இரும்பு சூடேறி நீலம் பாரித்துவிட்டது. அப்புறம் எத்தனை தீட்டியும் கூர் நிற்கவில்லை. கொம்புப் பிடியும் நெடுக விண்டுவிட்டது. வேறு பிடி போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பெட்டிக்குள் ஒளித்து வைத்தான்.

அதற்குள் கரும்பு வெட்டும் இடத்தில், பத்து ஆள் பார்க்க, “மச்சான், நீ எடுத்தியா?” என்று மாமாவைக் கேட்டுவிட்டார் அப்பா. கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுப் போனவர்தான் மாமா. ஏழு மாதமாக இந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இன்றைக்குத் தாலியறுக்கும் தன் அக்கா தனக்கொடிக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட வேண்டும். அதற்காக வந்திருந்தார்.

“தமிழு, உங்கிட்ட எப்பவும் இருக்குமேடா” என்றார் பெரியப்பா.

அவன் கை பைக்குப் போனது. இடது பக்கம் போன கை பயந்துபோய் வலது பக்கம் திரும்பியது. தன்னுடைய கத்தியைத்தான் எடுத்து நீட்டினான்.

மாமா தலையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு வாங்கி அரைஞாணை அறுத்தார். கத்தியை மடக்கித் திருப்பித் தரும்போது அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“பத்து நாளைக்கு முன்ன உங்கப்பா எங்க வூட்டுக்கு வந்தாருடா. தப்பா கேட்டுட்டேன் மச்சான்னு கையப் புடிச்சிக்கினாரு. கத்திய உன் பெட்டியில பாத்துட்டாராம்.”



“என்னை ஒண்ணும் கேக்கலியே மாமா.”

“எப்டி கேப்பாரு? நீயா கொண்டாந்து குடுப்பேன்னு இருந்தாரு. நானா ஊராங்கிட்ட சொன்னா புள்ளைக்கு அசிங்கமாயிடும், அவன் குடுக்கறவரைக்கும் பொறுத்துக்கன்னாரு. நானும் சரின்னேன்.”

பத்து நாளும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, “அப்புறம் இன்னாடா விசேஷம்?” என்று அப்பா கேட்டதை நினைத்தான். ஒவ்வொரு நாளும் கேட்டார். அவனும் ஒன்றுமில்லை என்றே சொன்னான். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

“திருடனா இருந்தாலும் மொறை செய்ய வந்துட்டாம்பா” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

தமிழ்க்குமரன் சொம்பைக் கீழே வைத்தான். இடது பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். நீலம் பாய்ந்த கத்தி வெயிலில் பளபளத்தது.

“நான்தான் எடுத்தேன் பெரியப்பா. மாமா எடுக்கல. நான்தான்.”

உள்ளே ஒப்பாரி ஒரு கணம் நின்றது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அம்மா அவனையே பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் நீட்டிய கத்தியை யாரும் வாங்கவில்லை.

அப்பாவின் தலையை மறுபடி தூக்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார் மாமா.

“கண்ணுல சீயக்கா இருக்குது. தண்ணி ஊத்து.”