ஜப்பானுக்கு லீவு விட்ட கிழமை

1

இந்தக் கதை எனக்கு அரைக் கிலோ மிளகாய்த்தூளோடு வந்தது. வாங்கியவள் இம்மாகுலேற். நிறுத்துக் கொடுத்தவன் நான், யோன். பாரிஸில் ரூ பெர்தொனே என்ற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டிலும் பெரிய லாபமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாரிஸில் வசந்தம் பூத்துக் குலுங்கிய...' வேண்டாம். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் எதுவும் குலுங்கி நான் கண்டதில்லை.

2

ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம்வரை ஜப்பானில் சக்கரவர்த்தியின் பிறந்தநாள், அரசியலமைப்பு நாள், பிள்ளைகள் நாள் என்று லீவுகள் கூட்டமாக வரும். ஜப்பான்காரர் பாரிஸுக்குப் பறந்து வருவார்கள். இம்மாகுலேற் அறை துப்புரவாக்கும் ஹோட்டல் நிரம்பிவிடும். அவளுக்கு மூச்சுவிட நேரமிராது.

அதே கிழமைதான் ஒசாகாவில் அவள் புருஷன் ஸ்ரனிஸ்லாஸுக்கு லீவு. மன்னாரிலிருந்து கப்பல் வேலைக்குப் போனவன், அங்கே இறங்கித் தொழிற்சாலை ஒன்றில் ஒட்டிக்கொண்டான். தொழிற்சாலை பூட்டும் அந்தக் கிழமையில் வருஷாவருஷம் அவளோடு பேச என் கடைக்குப் போன் எடுப்பான்.

[இந்த ஸ்ரனிஸ்லாஸ் கதைக்குத் தேவையா? ஒருதரம் அவனை வெட்டிவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை நன்றாகவே போனது. எனக்குப் பயம் பிடித்து, திரும்பச் சேர்த்துவிட்டேன்.]

3

1986. லீவு முடியப்போகிறது, போன் இல்லை.

"யோன் அண்ணை, ஏதும் வந்ததே?"

"இல்லை, இம்மாகுலேற்."

"ஹோட்டலிலை ஒரு ஜப்பான் மனுசி நிக்கிறா. நாளைக்குப் போறா. அவவிட்டை இவருக்குத் தூள் குடுத்துவிடப் போறன்."

யார் பயணம் போனாலும் பொட்டலத்தோடு போய் வாசலில் நிற்பது லா சப்பல் வட்டாரத்துத் தமிழரான எங்கள் வழக்கம். அதை ஜப்பான்காரியிடமுமா?

"அவ எந்த ஊரோ! ஜப்பான் என்ன, மன்னார்த் தீவே?"

"தபாலிலை போட்ட கடிதத்துக்கு ஒரு பதிலுமில்லை. ஆளிட்டைக் குடுத்தால் ஆள் தேடும், அண்ணை. அவர் இருக்கிறாரோ எண்டாவது அறியலாம்."

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் சரியாகவே நிறுத்தேன். அவன் எழுதிய விலாசத்தைப் பழைய கடித உறையிலிருந்து வெட்டி, அவளே ஒட்டினாள்.

4

மனுசி இரண்டு கைகளாலும் வாங்கி, குனிந்து வணங்கினாளாம். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. இம்மாகுலேற் விலாசத்தில் விரல் வைத்துக் காட்ட, மனுசி தலையாட்டினாளாம். 'ஓம், தேடிக் கொடுக்கிறேன்' என்றா? 'பரிசுக்கு நன்றி' என்றா? எழுதுகிற எனக்கே தெரியாது. மனுசி போன பிறகு அறையில் பொட்டலம் இல்லை என்பது மட்டும் உண்மை.

5

முடிவுகள்:

அ. ஒசாகாவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஸ்ரனிஸ்லாஸ் பொட்டலத்தைப் பிரித்துத் தும்முகிறான். பிறகு போனுக்கு ஓடுகிறான்.

ஆ. மனுசி தன் வீட்டில் அந்தத் தூளைத் தேநீரில் கலந்து...

இ. கதவைத் திறப்பது வேறொரு பெண். அவள் இடுப்பில் ஒரு

(இதை நான் முடிக்கமாட்டேன்.)

6

இப்போது இம்மாகுலேற் வேலை முடிந்து தினமும் வருகிறாள். வெங்காயத்தை ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். போன் அடிக்கவேண்டும் என்று நானும் மாதாவிடம் மன்றாடுகிறேன். ஆனால் அது அடிக்காத பின்னேரங்களில் அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் கடையில் நிற்கிறாள். அவள் போன பிறகு கடை எனக்குப் பிடிப்பதில்லை.

வாசகரே, விளங்கியிருக்கும். இந்த முடிவை எழுத என் கையை நம்ப முடியாது. போன் மேசையில் இருக்கிறது, அவள் நிற்கிறாள். அடிக்க வைப்பதென்றால் நீங்கள்தான் அடிக்க வைக்கவேண்டும். அடித்தால் எடுத்து அவளிடம் கொடுப்பேன். அதற்கு மட்டும் நான் பொறுப்பு.