எட்டாவது கம்பி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. சண்முகவள்ளி எனக்கு நூறு தடவை சொன்னது. முடிவை மட்டும் மாற்றிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எடுத்த நாளிலிருந்து என் பிராணனை வாங்குகிறது.

முதல் தொடக்கம்: 'திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் இளவெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த...' (சீ, காலண்டர் படம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: '1958. ஊருக்குள் ஒரு பெண் டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரி. ஆபரேஷன் சாமான்களைக் கொதிக்கவைத்துத் தட்டில் அடுக்கும் ஆயா சண்முகவள்ளி.' இது இருக்கட்டும்.

2

கருப்பையைச் சுத்தம் செய்யும் சின்ன ஆபரேஷன் அது. பிள்ளை உண்டாகாத பெண்களுக்கு அந்தக் காலத்தில் செய்துபார்ப்பார்கள். சாமான்களுக்கு வள்ளி தானே பெயர் வைத்திருந்தாள். விரித்துப் பிடிப்பது வாத்துமூக்கு. கவ்விக்கொள்வது கொடுக்கு. கருப்பை வாயைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறக்கிற கம்பிகள் எட்டு, சன்னத்திலிருந்து தடிமன் வரை. கடைசியில் சுரண்டி. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை உரக்க எண்ணிச் சொல்ல வேண்டும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அடுக்கி முடித்ததும், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஆபரேஷன் மேஜையைத் தடவிக்கொடுப்பாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.)

3

அவளுக்கும் பிள்ளை இல்லை. தை பிறந்தால் மகன் நல்லுசாமிக்கு வடமதுரையில் இரண்டாவது பெண் பார்ப்பதென்று மாமியார் முடிவே செய்துவிட்டாள். ஐப்பசியில் டாக்டரம்மா வள்ளியைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை வெறும் வயித்தோட வா. உனக்கும் செஞ்சு பாத்துருவோம்."

"சரிங்கம்மா. ஆனா என் தட்டை நாந்தான் அடுக்குவேன். நர்ஸம்மா கம்பியை மாத்தி வச்சிரும்."

அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு மேஜையில் ஏறிப் படுத்தாள். மூக்கில் ஈதர் மயக்கமருந்து. "ஒண்ணு ரெண்டு சொல்லிக்கிட்டே வா," என்றாள் நர்ஸ். பாவி மனுஷி, பழக்கதோஷத்தில் தட்டை எண்ண ஆரம்பித்துவிட்டாள். "வாத்துமூக்கு ஒண்ணு, கொடுக்கு ஒண்ணு, கம்பி ஒண்ணு, ரெண்டு..." ஏழோடு நாக்கு மடங்கிவிட்டது.

"எட்டைச் சொல்லாமத் தூங்கிட்டேன் அப்பு. சொல்லியிருந்தா நெலைச்சிருக்குமோ என்னமோ," என்பாள் என்னிடம்.

சாகும்வரை அவளுக்கு அந்தக் குறை இருந்தது.

4

முடிவு அ: மார்கழியில் வள்ளிக்கு நாள் தள்ளிப்போனது. மாமியார் வடமதுரைப் பேச்சையே விட்டுவிட்டாள். நல்லுசாமி பழனிக்கு நடந்தே போய் மொட்டை போட்டுக்கொண்டு...

எவ்வளவு ஆசையாக எழுதிக்கொண்டுபோனேன் தெரியுமா! அப்போதுதான் உறைத்தது. வள்ளிக்குப் பிள்ளை பிறந்தால் நல்லுசாமி வடமதுரைக்குப் பெண் பார்க்கப் போகமாட்டார். போகாவிட்டால் என் அம்மா அந்த வீட்டுக்கு வரமாட்டாள். அப்புறம் நான் ஏது?

ஆமாம், நல்லுசாமி என் அப்பா. வள்ளி என் பெரியம்மா. என்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள்.

முடிவு ஆ: உண்மையில் நடந்தது. அதை எழுத எனக்கு மனசில்லை.

5

அதனால் அவளை மேஜையிலேயே படுக்கவைத்திருக்கிறேன். ஏழு சொல்லியாயிற்று, வாய் இன்னும் மூடவில்லை. எட்டை நீங்கள் சொல்லிவிடுங்கள். சொன்னால் இதை எழுத ஆள் இருக்காது. போகட்டும், பெரியம்மாவுக்கு என்று ஒரு பிள்ளை இருக்கும்.

உடனே வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் நான் அவள் பக்கத்தில் இருந்துகொள்கிறேன்.